தாலிக்கு முன்னும் பின்னும்: புதுமணத் தம்பதியின் வருமான வரிக் கணக்கு

இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்ய வழியில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் தனிநபரைத் தனிநபராகவே பார்த்தது. அதன் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே ஏற்பாடுதான். பான் எண்ணுக்கு ஒரு கணக்கு, ஒரு ரிட்டன். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ரிட்டன் போட்டுக் கொடுப்பவர்களின் மேசைக்கு ஜூன், ஜூலை மாதங்களில் புதுத் தம்பதிகள் வரும்போது, "சார், இனிமே ரெண்டு பேருக்கும் ஒண்ணா சேர்த்துப் போட்டுடலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனோ மச்சானோ சொல்லி அனுப்பிய யோசனையாக அது இருக்கும். அங்கே 1948 முதல் கூட்டு ரிட்டன் சலுகை உண்டு. டிசம்பர் 31 அன்று மணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் மணமானவர் கணக்குதான். இங்கே மார்ச் 31 அன்று தாலி ஏறியிருந்தாலும் வரி விகிதம் மாறாது.

எப்போதுமே இப்படி இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் மணமானவருக்கு 2,000 ரூபாய் வரையும் மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் வரையும் வரி இல்லை என்று இரண்டு வரம்புகள் வைத்தார். அந்த வேறுபாடு பின்னர் மறைந்துவிட்டது. இன்று நாட்டிலேயே ஒரு விதிவிலக்குதான் உண்டு. போர்ச்சுகீசிய சிவில் சட்டம் செல்லுபடியாகும் கோவா, டாமன்-டையு, தாத்ரா-நகர் ஹவேலி பகுதிகளில், சம்பளம் தவிர்த்த வருமானம் கணவன் மனைவிக்குச் சரிபாதியாகப் பிரிக்கப்படும். பிரிவு 5ஏ சொல்வது அது. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்குக் கூட இந்தச் சலுகை கிடையாது. பட்டயக் கணக்காளர் கழகம் பட்ஜெட்டுக்கு முந்தைய பரிந்துரைகளில் விருப்பக் கூட்டு ரிட்டனைக் கேட்டிருக்கிறது. கேட்டதோடு நிற்கிறது.

ஆகவே புதுமணத் தம்பதி தேர்வு செய்ய வேண்டியவை வேறு. எந்தப் பணம் யாருடையது, எந்த முறையில் யார் வரி கட்டுவது, எந்தப் பெயரில் கணக்கு இருப்பது. (கீழே வரும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின் எண்கள். 2025-26 நிதியாண்டு வருமானம் வரை அவையே பொருந்தும். அதன்பின் எண்கள் மாறும், கணவன் மனைவி பற்றிய அடிப்படை மாறாது.)

முதல் பணம் மொய்ப் பணம். திருமணத்தை ஒட்டி மணமகனுக்கும் மணமகளுக்கும் வரும் பரிசுக்கு, தொகை எவ்வளவானாலும், கொடுத்தவர் உறவாக இருந்தாலும் நண்பராக இருந்தாலும் வரி இல்லை. பிரிவு 56(2)(x) தரும் விலக்கு இது. சிக்கல் "தனிநபரின் திருமணம்" என்று சட்டம் சொல்வதில் இருக்கிறது. மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதி வாங்கும் பணம் நம் ஊரில் பெரும்பாலும் பெண்ணின் அப்பா கைக்கோ பையனின் அப்பா கைக்கோதான் போகிறது. அவர் அதைத் தன் கணக்கில் போட்டால் அது அவருடைய திருமணத்தின் பரிசு அல்ல. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் வந்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அவருக்கு வருமானமாகிவிடும். மகள் திருமணத்தில் தந்தை பெற்ற பரிசுக்கு விலக்கு இல்லை என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. எனவே மொய் நோட்டு இரண்டாக இருப்பது நல்லது: மணமக்களுக்கு வந்தது ஒன்றில், பெற்றோர் முன்பு செய்த முறைக்குத் திரும்பி வந்தது மற்றொன்றில். மணமக்களுக்கு வந்த பணத்தை நேராக அவர்கள் கணக்கில் செலுத்தி, நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பின்னால் யார் கேட்டாலும் பதில் இருக்கும். காதணி விழா, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா மொய்களுக்கு இந்த விலக்கு எதுவும் இல்லை. அங்கே உறவினர் பட்டியலும் 50,000 ரூபாய் வரம்பும்தான் துணை.

ரொக்கத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் உள்ள பிரிவு 269எஸ்டி, ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது. மீறி வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. தாய்மாமன் மூன்று லட்சத்தைத் தாம்பாளத்தில் ரொக்கமாக வைத்தால் அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் மூன்று லட்சம் அபராதத்துக்கு வழி திறக்கிறது. அதையே காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ கொடுத்தால் எதுவுமில்லை. மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் நகைக்கடைக்கும் இதே விதிதான்.

நகை பற்றிய பயம் தேவைக்கு மீறியது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 1994 மே 11 சுற்றறிக்கை, சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை உள்ள நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்கிறது. 500 கிராம் என்றால் அறுபத்திரண்டரை சவரன். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அதற்கு மேல் உள்ளதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் போட்ட நகை மணமகளின் சொத்து. அதை விற்று டெபாசிட் போட்டால் வரும் வட்டியும் அவளுடையது. கணவன் கணக்கோடு சேராது. பழைய பில் கையில் இருந்தால், விற்கும்போது ஆதாயம் கணக்கிடச் சுலபம்.

அடுத்தது தம்பதிகள் அதிகம் தவறும் இடம். மணமான சில மாதங்களில் கணவன் தன் சேமிப்பில் பத்து லட்சத்தை மனைவி பெயரில் டெபாசிட் போடுகிறான். மனைவிக்கு வேலை இல்லை, வரி வராது என்பது கணக்கு. கணவன் கொடுக்கும் பரிசுக்கு மனைவி வரி கட்ட வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானத்தைப் பிரிவு 64 கணவனின் வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது. தொழிலில் இதைக் 'க்ளப்பிங்' என்பார்கள். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவனின் சம்பளம் 15 லட்சமானால் அந்த 70,000 அவனுக்கு 15 சதவீதப் படியில் விழும்; செஸ் சேர்த்து 10,920 ரூபாய் வரி. இதைத் தவிர்க்கப் போய், வட்டியில் வரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் 15ஜி படிவத்தில் மனைவியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் உள்ள உறுதிமொழியை யாரும் படிப்பதில்லை. இந்த வருமானம் பிரிவு 60 முதல் 64 வரையின் கீழ் வேறு யாருடைய வருமானத்திலும் சேர்க்கத்தக்கதல்ல என்று அதில் அச்சிட்டிருக்கிறது. கணவன் பணத்துக்குப் போட்ட டெபாசிட்டுக்கு அந்தக் கையெழுத்து பொய் உறுதிமொழி. 15ஜி கொடுக்காமல் வங்கி டிடிஎஸ் பிடித்தாலும் நட்டமில்லை. வட்டி கணவன் கணக்கில் போவதாக வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் டிடிஎஸ் வரவையும் அவன் பான் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள விதி உண்டு.

எதெல்லாம் சேராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த 70,000 ரூபாய் வட்டியை மனைவி மறுபடி டெபாசிட் போட்டால், அதன் வட்டி அவளுடையதே. கணவன் தன் பணத்தில் மனைவி பெயரில் பிபிஎஃப் கணக்கில் போட்டால், வட்டிக்கே வரி இல்லாததால் சேர்த்தாலும் பூஜ்யம்தான். பரிசாகக் கொடுக்காமல் நியாயமான வட்டிக்குக் கடனாகக் கொடுத்தால் க்ளப்பிங் இல்லை. ஆனால் வட்டி உண்மையாகவே கைமாற வேண்டும், தாளில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மனைவி மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணம், அதிலிருந்து வரும் வருமானம் இவை மனைவியுடையவை என்று நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஏற்று வந்திருக்கின்றன. 2016 பணமதிப்பு நீக்கத்தின்போது அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் வெளிவந்த பணம் வங்கிக்குப் போனதே, அதில் இல்லத்தரசி செலுத்திய இரண்டரை லட்சம் வரையான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று 2021-ல் ஆக்ரா வருமான வரித் தீர்ப்பாயம் சொன்னது.

தாலிக்கு முன் கொடுத்ததா, பின் கொடுத்ததா என்பதற்கும் விலை உண்டு. கல்கத்தா ஜே.தாமஸ் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்த ஒருவர் 1947 டிசம்பர் 10 அன்று, தாம் மணக்கவிருந்த பெண்ணுக்குச் சில பங்குகளைக் கொடுத்தார். டிசம்பர் 18-ல் திருமணம். பங்கு ஈவைக் கணவர் வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று வரித்துறை வாதாடியது. 1963-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது: சொத்து கைமாறிய நாளில் இருவரும் கணவன் மனைவியாக இல்லை, ஆகவே சேர்க்க முடியாது. எட்டு நாள் வித்தியாசம், ஆயுள் முழுக்கச் செல்லும் பலன். இன்றைக்கும் இந்தத் தீர்ப்பு நிற்கிறது. ஆனால் இதைப் பின்பற்ற நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணத்துக்கு முன் அவள் சட்டப்படி 'உறவினர்' அல்ல. பல மாதம் முன்னதாகக் கொடுத்தால் அது திருமணத்தை ஒட்டிய பரிசுதானா என்ற கேள்வி எழும். நிச்சயமான பின், மணநாளை ஒட்டி, திருமணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுப்பது பாதுகாப்பு.

க்ளப்பிங் சொல்லும் அதே பிரிவு 64-ல் மாமனார் மாமியாருக்கும் ஒரு விதி இருக்கிறது. மகன் மனைவிக்கு, அதாவது மருமகளுக்கு இலவசமாகக் கொடுத்த சொத்தின் வருமானம் கொடுத்தவர் கணக்கில் சேரும். மகளுக்குக் கொடுத்தால் சேராது, மருமகனுக்குக் கொடுத்தாலும் சேராது. செஞ்சிப் பக்கம் கடை வைத்திருக்கும் மாமனார் கடை வாடகையை மருமகளுக்கு எழுதி வைத்தால் வாடகைக்கு வரி அவருக்குத்தான். திண்டிவனத்துத் தந்தை அதே போன்ற கடையை மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் வரி மகளுக்கு. நியாயம் என்ன என்று கேட்டால் சட்டத்தில் பதில் கிடைக்காது. தந்தை சீராகக் கொடுத்த நிலத்தில் நெல்லோ மல்லாட்டையோ விளைந்தால் அந்த விவசாய வருமானத்துக்கு மத்திய வரி இல்லை; ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் பெண் ஐடிஆர்-1 படிவம் போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும். சம்பளம் மட்டும்தானே என்று ஐடிஆர்-1 போடும் ஆசிரியைகள் அனேகமாக இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கும் இதே தர்க்கம். பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இதைக் கேட்டு மனைவி பெயரில் மனை வாங்குவது கூடியிருக்கிறது. வாங்கலாம்; பினாமித் தடைச் சட்டமும் கணக்குள்ள பணத்தில் மனைவி பெயரில் வாங்குவதை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் கணவன் பணத்தில் வாங்கிய வீட்டின் வாடகையும் கணவன் வருமானத்தோடுதான் சேரும். இருவரும் சம்பாதிப்பவர்களானால் இருவர் பெயரிலும் வாங்கி, இருவரும் கடன்தாரராக இருந்து, அவரவர் கணக்கிலிருந்து தவணை கட்டுவதே சுத்தமான ஏற்பாடு. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆளுக்கு இரண்டு லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை.

பழையதா, புதியதா என்ற இந்தத் தேர்வுதான் உண்மையில் தம்பதி செய்ய வேண்டியது. கணவன் ஒன்றையும் மனைவி மற்றொன்றையும் தேர்ந்தெடுக்கலாம், தடையில்லை. 2023-24 முதல் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறை. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பிப்ரவரியில் வந்து நிற்கிறது. தை மாதத்தில் கல்யாணம் முடித்து விடுப்பிலிருந்து திரும்பும்போது, வாட்ஸ்அப்பில் சுற்றும் எக்செல் தாளில் வருமான வரிப் படிவம் நிரப்பி, பிப்ரவரி சம்பளப் பட்டியலுக்கு முன் பணம் பெற்று வழங்கும் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் தேர்ந்தெடுத்த முறையே கடைசி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஜூலை 31-க்குள் ரிட்டன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், ஆண்டுக்கு ஆண்டும் மாற்றலாம். கடையோ லாரியோ வைத்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போனவர் ஒருமுறைதான் திரும்பி வரலாம்.

கணக்கைப் பார்த்தால் இந்த மாவட்டத்துப் பெரும்பாலான இளம் தம்பதிகளுக்குத் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. 2025-26-ல் புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக் கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். எட்டு லட்சம் வாங்கும் ஆசிரியைக்குச் சிபிஎஸ் ஓய்வூதியப் பிடித்தம், எல்ஐசி, குடும்ப நல நிதி என்று எதையும் அடுக்க வேண்டியதில்லை. 13 லட்சம் வாங்கும் கணவனுக்கு நிலைக் கழிவு போக 12.25 லட்சம், படிப்படியாகக் கணக்கிட்டால் வரி 63,750. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய 25,000-க்கு மேல் வரி வாங்கக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால், செஸ் சேர்த்து 26,000 ரூபாயோடு முடிகிறது. 15 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி 97,500. பழைய முறை இதற்கு ஈடாக வேண்டுமானால் நிலைக் கழிவு உட்பட 5,93,750 ரூபாய் கழிவு காட்ட வேண்டும். சென்னையில் பெரிய வாடகை, கூடவே வீட்டுக் கடன், 80சி நிறைவு என்று மூன்றும் உள்ளவருக்கே அது எட்டும். வரி மிச்சம் என்று சொல்லிப் புது மாப்பிள்ளையின் தலையில் பாலிசி கட்டுவதற்கு இனி இடம் குறைவு; அது நல்லதுதான்.

வரி இல்லை என்பதால் ரிட்டன் வேண்டாம் என்றாகிவிடாது. மொத்த வருமானம் புதிய முறையில் நான்கு லட்சத்தைத் தாண்டினால் ரிட்டன் போட வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும், தனக்கோ வேறு யாருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் செலவழித்தவர் கட்டாயம் போட வேண்டும். பாலித் தீவுக்குத் தேனிலவு போய் வந்து, டூர் ஏஜென்ட் பிடித்த டிசிஎஸ் தன் பான் எண்ணில் நிற்பதைக் கூடப் பார்க்காமல் விட்டவர்கள் உண்டு.

வியாபாரக் குடும்பங்கள் இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கைப் பற்றிக் கேட்கும். மணமானதும் கணவன் மனைவி சேர்ந்து அப்படியொரு அலகு ஆகலாம், தனிப் பான் வாங்கலாம். ஆனால் சொந்தச் சம்பாத்தியத்தை அதில் போட்டால் வருமானம் போட்டவருக்கே திரும்பும். 87ஏ தள்ளுபடியும் அதற்குக் கிடையாது. பூர்வீகச் சொத்துப் பாகம் வந்தவருக்கு மட்டும் பயன். சம்பளக்காரருக்கு வீண் வேலை.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு, விசாவுக்காகத் திண்டிவனத்தில் காத்திருக்கும் பெண்ணின் கணக்கு தனி. அவன் அங்கே 'தனியர்' என்று இனி போட முடியாது. கூட்டாகவோ தனித்தனியாகவோ மணமானவராகத்தான். கூட்டாகப் போட அவளையும் அமெரிக்கவாசியாகக் கருதச் சம்மதிக்க வேண்டும், அவளுக்கு ஐடிஐஎன் எண் வாங்க வேண்டும், அவளுடைய இங்குள்ள வட்டியும் வாடகையும் அங்கே காட்டப்பட வேண்டும். 2025-ல் நிலைக் கழிவு தனியருக்கு 15,750 டாலர், தம்பதிக்கு 31,500 என்பதால் அவளுக்கு இங்கே வருமானம் குறைவானால் கூட்டு லாபம். இந்தியாவில் அவளுக்கு அவளுடைய ரிட்டன், அவனுக்கு அவனுடையது. அவன் அனுப்பிய பணத்தில் அவள் பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டி இங்கே அவன் கணக்கில் சேரும். வெளிநாடு வாழ்பவன் என்பதால் 87ஏ தள்ளுபடியும் அவனுக்கு இல்லை.

கடைசியாகப் பெயர். அனேக வீடுகளில் கல்யாணமானதும் பெண்ணின் இனிஷியலைக் கணவன் பெயருக்கு மாற்றி ஆதாரைத் திருத்திவிடுகிறார்கள், குடும்ப அட்டைக்காக. பான் அட்டையில் தந்தை பெயர்தான் இருக்கும், மணமானவருக்கும் அதுவே. இனிஷியலையும் பான் விண்ணப்பம் ஏற்காது, விரித்து எழுத வேண்டும். ஆகவே ஆதாரில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர், வங்கியில் இன்னொன்று. பான்-ஆதார் இணைப்பு அதுவரை நடக்காமல் இருந்தால் இதில் தடுக்கிவிழும்; பான் செயலிழந்தால் டிடிஎஸ் 20 சதவீதமாகும். வங்கிப் பெயர் பானோடு ஒத்துப்போகாவிட்டால் ரீஃபண்ட் வராது. மாற்றுவதானால் திருமணப் பதிவுச் சான்றை வைத்து மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லையேல் எதையும் தொடாமல் விடுவது மேல். சட்டம் எந்தப் பெண்ணையும் பெயர் மாற்றச் சொல்லவில்லை. ஆதாரோடு சேர்ந்த கைபேசி எண்ணை மட்டும் தவறாமல் மாற்ற வேண்டும். மகள் விழுப்புரத்தில் ரிட்டன் போட்டுக் காத்திருக்க, ஓடிபி மரக்காணத்தில் அப்பாவின் போனுக்குப் போய், அவர் வயலில் இருப்பார். ரிட்டனைப் போட்ட 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பு செய்யாவிட்டால், பின்னால் சரிபார்க்கும் நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். அது ஜூலை 31-ஐத் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் ஐந்து லட்சம் வரை வருமானத்துக்கு 1,000, அதற்கு மேல் 5,000.